ஊருக்கெல்லாம் பதினொன்று

இருபத்திரண்டு வயதில் வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அது. பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பரிசோதிக்கப் படித்துவிட்டு, முக்கூடல் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் வேலை. வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டேன். அதை மடித்துப் பையில் வைக்க மனம் வராமல் பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை டாக்டர் என்று நினைத்துத் தன் மூலத்தைப் பற்றி அம்பாசமுத்திரம் வரை சொல்லிக்கொண்டு வந்தார். நானும் ஆழ்ந்த முகத்தோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஊரார் ஆஸ்பத்திரி என்றாலும் அது ஒரு பழைய மாடி வீடுதான். கீழே மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் அண்ணாச்சியும் இரண்டு பெஞ்சும். மேலே டாக்டர். நடுவில் செங்குத்தாகப் பதினான்கு படி. படிக்கு அடியில் மிஞ்சிய முக்கோண இடத்துக்கு ஒரு கதவு வைத்து அதற்கு லேப் என்று பெயர் எழுதியிருந்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். மாடிக்குப் போகிற ஒவ்வொரு காலும் என் உச்சந்தலைக்கு மேல்தான் ஏறிப் போகும். எனக்கு அதிலும் ஒரு பெருமை. என்னைத் தாண்டாமல் யாரும் டாக்டரைப் பார்க்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

டாக்டருக்கு அறுபத்துமூன்று வயது. நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிது. அவர் மாடியில் திட்டினால் ஆற்றில் குளிக்கிறவர்கள் கரையேறிவிடுவார்கள் என்று கம்பவுண்டர் அண்ணாச்சி சொல்வார். காலையில் வந்ததும் தினசரியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறுவார். ஏழாவது படியில் நின்று, பேப்பரை விரித்துத் தலைப்புச் செய்தி படிப்பார். தாள் சரசரக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு மீதி ஏழு படி. பெரிய மனிதர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலையில் முக்கியமானது ரத்தத்தில் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. இப்போதுபோல் மெஷினில் விட்டால் சீட்டு வருகிற காலமில்லை. விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்து, கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் அமிலத்தோடு கலக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அது கருப்பட்டித் தண்ணீர் நிறத்துக்கு வரும். பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். இரண்டு நிறமும் ஒன்றாகிறவரை குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, எந்தக் கோட்டில் ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று இருந்தால் நல்லது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குழாயைப் பார்க்கும்போது ஊரின் தலையெழுத்தே என் கையில் இருப்பதாகத் தோன்றும்.

முதல் வாரம் வந்தவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். வயலில் களை எடுக்கிறவர், ஓய்வுபெற்ற வாத்தியார், கோவிலில் பூக்கட்டுகிற அம்மாள். எட்டு, ஏழரை, எட்டு, ஏழு என்று எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டு டாக்டர் சீட்டுகளை மேசைமேல் வீசினார். ஊரே ரத்தமில்லாமலா நடமாடுகிறது, உன் கண்ணாடி வெளுத்துப்போயிருக்கிறது, இல்லையென்றால் உன் கண் வெளுத்துப்போயிருக்கிறது என்றார். எனக்கு முன்னால் இருந்தவன் எழுதிய நோட்டை எடுத்துப் போட்டு, இதைப் பார்த்துப் படித்துக்கொள் என்றார்.

கீழே வந்து நோட்டைப் புரட்டினேன். அந்த ஆள் வேலையை விட்டு வெளிநாடு போயிருந்தான். அழகான கையெழுத்து. வயது அறுபது, பதினொன்று. வயது அறுபத்தெட்டு, பதினொன்று. வயது எழுபது, பதினொன்று. பக்கம் பக்கமாகப் பதினொன்று. ஊரில் யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கம்பவுண்டர் அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பைய என் பக்கத்தில் வந்தார். “அவனும் வந்த புதுசுல ஏழு எட்டுன்னுதான் எழுதுனான். டாக்டர் போட்ட சத்தத்துல ஒருநாள் பதினொண்ணுன்னு எழுதிப் பாத்தான். சத்தம் நின்னுட்டு. நீயும் அதையே எழுதிரும்மா, பொழப்பு ஓடும்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கண்ணாடி சரியா தப்பா என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். முதலில் என் விரலைக் குத்தினேன், பன்னிரண்டு. கம்பவுண்டர் அண்ணாச்சியின் மகனுக்குப் பதினாலு. தபால்காரர் கடிதம் கொடுக்கக் கை நீட்டினார், அந்தக் கையையே பிடித்துக் குத்தினேன், பதின்மூன்றரை. பால்காரர், சைக்கிள் கடைக்காரர், எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்திருந்த ஆழ்வார்குறிச்சிப் பையன் என்று ஒருத்தரையும் விடவில்லை. இரண்டு நாளில் அந்தத் தெருவில் பாதிப்பேர் மோதிரவிரலில் பஞ்சோடு திரிந்தார்கள். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அந்த மாப்பிள்ளைப் பையனுக்குப் பதினைந்து வந்தது. பெண் வீட்டாரிடம் சொல்லி அனுப்பினேன், கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

ஆக, இளவட்டங்களுக்கு எல்லாம் சரியாக வருகிறது. கண்ணாடி வெளுக்கவில்லை. தாளில் எழுதிக்கொண்டு வெற்றி வீராங்கனையாக மாடியேறினேன். டாக்டர் பார்த்தார். கண்ணாடியைப் பற்றிய பேச்சை அப்படியே விட்டுவிட்டார். “சரி, அவங்கல்லாம் வயசாளிங்க. வயசானா அப்படித்தான் இருக்கும். அதுக்கு எதுக்கு ஏழு எட்டுன்னு எழுதிப் பயங்காட்டுதே?” என்றார். கண்ணாடி தப்பென்றாலும் வைத்தியம் இல்லை, சரியென்றாலும் வைத்தியம் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படியிறங்கி லேப் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அதற்குள் எனக்கு ஒரு விளையாட்டும் கிடைத்திருந்தது. படியேறுகிற கால் எந்த இடத்தில் நிற்கிறது என்று கீழிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்பதாம் படி வரை போய் நின்றால் ஒன்பது, ஆறில் நின்றால் ஏழு என்று கம்பவுண்டர் அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்வேன். பிறகு குத்திப் பார்த்தால் முக்கால்வாசி சரியாக வரும். அண்ணாச்சி வாயைப் பிளப்பார். நிற்கிற வயதானவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சமாளிப்பார்கள். செருப்பைச் சரிசெய்வார்கள், துண்டை உதறுவார்கள், சுவரில் மாட்டிய காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை ஏழு எட்டு எண்கள் மறுபடியும் மேலே போனதில் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. படியின் உச்சியில் நின்றே சத்தம் போட்டார். நாளைக்கும் இந்த மாதிரி ஒரு சீட்டு வந்தால் நான் முக்கூடல் பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பையில் திணிக்கிற காட்சி அப்போதே என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை வந்தது அந்தப் பெரியம்மா. பின்தெருவில் அப்பளம் போடுகிற வீட்டில் மாவு இடிக்கிறவள், அறுபத்தோரு வயது. உளுந்து மாவை எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்து இழுபட வைப்பது அவள் வேலை. மாவு சரியாக இடிபடாவிட்டால் அப்பளம் பொரியாது, அதனால் அந்த வீட்டில் உலக்கைக்குத்தான் மதிப்பு. இருபது வருடமாக அந்த உலக்கை அவள் கையில். இப்போது பத்துக் குத்துக் குத்தினால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறதாம். வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், சரியாகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று அப்பள வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் வந்தாள். என்னிடம் விரலை நீட்டிக்கொண்டே, தன் கைமாவு அப்பளம் எந்த எந்த ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரத்தம் வருவதற்கே விரலை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு சொட்டுத் தண்ணீரிலேயே நிறம் ஒத்துப்போய்விட்டது. ஆறு. இன்னொரு விரலில் குத்தினேன். ஆறுதான்.

சீட்டில் பதினொன்று என்று எழுதினேன். ஏதோ குழப்பத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் அது பொய். தெரிந்துதான் எழுதினேன். எனக்கு வேலை வேண்டும், கோட்டு வேண்டும்.

டாக்டர் குளிர்ந்துவிட்டார். இப்போதுதான் இந்தப் பெண்ணுக்குக் கண் தெரிகிறது என்று மேலிருந்து சொன்னது கேட்டது. பெரியம்மா இறங்கினாள். காலடியை நான் எண்ணினேன். இறங்கும்போது யாரும் நிற்க மாட்டார்கள். அவள் இறங்கும்போதும் இரண்டு இடத்தில் நின்றாள். லேப் வாசலில் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பதினொண்ணு நல்லதாமே. அப்போ வயசுதான்னு டாக்டர் சொல்லிட்டாவ. இனிமே இடிக்க வேண்டாம், வீட்டுல இருன்னுட்டாவ.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் மடித்து வைத்திருந்த கோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். நான் இவ்வளவு கேவலமானவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அப்பள வீட்டுக்கு ஓடினேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா உரலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள், வேறொருத்தி இடித்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே கூப்பிட்டு, நேற்று நான் எழுதியது பொய், உங்களுக்கு ஆறுதான் இருக்கிறது என்று சொன்னேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் நின்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏளா, அப்போ இது வயசு இல்லையா? ரத்தம்தானா? ரத்தம்னா ஏத்திக்கிடலாம்லா?” என்றாள். ஆமாம் என்றதும் வீட்டுக்குள் திரும்பி, ஏய், எனக்கு வயசு இல்லையாம் என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்திவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அவள் கையைப் பிடித்து, படிக்குப் படி நின்று ஏற்றினேன். டாக்டர் முன்னால் கோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நேற்று எழுதியது பொய் என்றேன். ஏன் எழுதினேன் என்றும் சொன்னேன். வாசலில் வந்து நின்ற கம்பவுண்டர் அண்ணாச்சியை டாக்டர் பார்த்தார். பழைய நோட்டும் அப்படித்தானா என்று கேட்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமா என்றார்.

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கினார். குனிந்து என் லேப்புக்குள் நுழைந்து, தலையை ஒருதரம் இடித்துக்கொண்டு, நோயாளிகள் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தார். “எனக்குப் பாரு” என்று விரலை நீட்டினார்.

குத்தினேன், கலக்கினேன். பத்து நிமிடம் நாலு பேரும் அந்த முக்கோணத்துக்குள்ளும் வாசலிலுமாகக் காத்திருந்தோம். தண்ணீர் விடும்போது குழாயை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவரே பார்த்தார், அவரே போதும் என்றார். எட்டு. மற்றக் கையை நீட்டினார். மறுபடியும் எட்டு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம். “உங்களுக்கும் வயசாயிட்டுல்லா சார், அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. முதலில் பெரியம்மாதான் சிரித்தாள். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்ததில் இருமல் வந்துவிட்டது. அடுத்துக் கம்பவுண்டர் அண்ணாச்சிக்கு வெற்றிலை புரையேறியது. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் குரல் சின்னதாகிவிட்டது. “ஏழாம் படியில நான் பேப்பர் படிக்கதுக்கா நிக்கேன்? கிறுகிறுன்னு வருது. யாரும் பாத்துரக்கூடாதுன்னு பேப்பரை விரிச்சுக்கிடுவேன்.”

அன்றைக்கே பழைய நோட்டை அண்ணாச்சியிடம் கொடுத்து, அதில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை எல்லாம் ஒருதரம் வரச்சொல்லி ஆளனுப்பினார். அண்ணாச்சி சைக்கிளில் நாலைந்து நாள் அலைந்தார். அவர்கள் வந்தார்கள், தெருத்தெருவாக வந்தார்கள். ஆற்றங்கரைத் தெரு, வயல் பக்கத்துத் தெரு, வசதியானவர், இல்லாதவர் என்று வித்தியாசமில்லாமல் ஏழும் எட்டும் ஒன்பதுமாக வந்தது. பெஞ்சு போதாமல் வாசலில் பாய் விரித்தோம். இத்தனை நாள் செருப்பைச் சரிசெய்தவர்களும் காலண்டர் பார்த்தவர்களும் ஒருவருக்கொருவர் எண் கேட்டுக்கொண்டார்கள். என்னைவிட உமக்கு அரை குறைச்சல்தான் வே என்று ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைச் சீண்டினார். எனக்குத் திருவிழாவில் கடை போட்ட மாதிரி இருந்தது.

சில பெயர்களுக்கு மட்டும் ஆள் வரவில்லை. கடைசி நாள் அண்ணாச்சி நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த இடங்களில் விரலை வைத்து, இவிய இல்லை, இவியளும் இல்லை என்று காட்டினார். டாக்டர் அந்தப் பக்கத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயது என்று சொல்லி அனுப்பியவர் அவர். ரத்தம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று அவர் யாரையும் சத்தம் போடவில்லை.

வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது. முழங்கால் வலிக்கு வெறும் வயிற்றில் வருடக்கணக்காக மாத்திரை போட்டவர்களுக்கு வயிறு புண்ணாகி உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டரும் அந்த ரகம்தான், திருநெல்வேலிக்குப் போய் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்களுக்குச் சாப்பாடே இல்லை, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ரசத்தை ஊற்றிக்கொள்கிறவர்கள். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மூட்டையாக வந்து இறங்கியது.

மூன்று வாரம் ஆகியும் ஒருத்தருக்கும் சொல்லும்படி ஏறவில்லை. பெரியம்மா ஆறரையில் நின்றாள். படியில் கால்கள் பழைய இடங்களிலேயே நின்றன. என்ன கொடுமை என்று, அவள் இப்போது உட்கார்ந்து அப்பளம் தேய்க்கிற அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் காபி, அந்தக் காபியில்தான் மாத்திரை. கசக்காமல் இறங்குகிறதாம். காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஊரில் விசாரித்தேன், வாத்தியார்கள் உட்பட எல்லோரும் காபியில்தான் போட்டிருக்கிறார்கள். மாடிக்கு ஓடிப்போய் டாக்டரிடம் முறையிட்டேன். அவர் மேசையில் பாதி குடித்த காபி டம்ளரும், பக்கத்தில் பிரித்த மாத்திரைத் தாளும் இருந்தன. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் டம்ளரை ஜன்னல் பக்கம் தள்ளிவைத்தார். அன்றிலிருந்து ஊர் மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரில் போட்டது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் லேப்பில் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு கனத்த காலடி ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு என்று பழக்கத்தில் எண்ணினேன். ஏழில் நிற்கவில்லை. எட்டு, ஒன்பது. தாள் சரசரக்கவும் இல்லை. பதினான்காம் படிக்குப் பிறகு மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம்தான் கேட்டது.

அன்று பெரியம்மாவும் வந்தாள். குத்திப் பார்த்தேன், பத்தரை. பின்னாலேயே நானும் மாடிக்குப் போனேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் அரைதானே, சந்தோஷத்துக்குப் பதினொன்று என்று போட்டால்தான் என்ன என்று என்னைச் சீண்டினார். முடியாது, பத்தரைதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்துப் பெரியம்மாவின் சீட்டில் எழுதினார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.

பைய இடிக்கலாம் என்று எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன்.